அம்பாசடர் சீட் ஓரம் பிரிந்து தொங்குகிறதா?

கரை பிரிந்தால் சேலையே போச்சு என்பது வெண்ணந்தூர் தறிக்காரர்களுக்குத் தெரியும். பழைய கார் சீட்டும் அப்படித்தான். அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. அப்பா காலத்து வண்டியில் ரெக்ஸின் ஓரம் தொங்கினால், மொத்த உறையையும் உரித்துவிடாதீர்கள். கம்பெனி உறை போனால் போனதுதான்.

பெரும்பாலும் கோளாறு பசையில்தான். நம்ம ஊர் வெயிலில் அது காய்ந்து பொடியாகிவிடும். அதன் மேலேயே புதுப் பசை தடவினால், பொடியைத்தான் பிடிக்கும். முதலில் சுரண்டித் துடையுங்கள். செருப்பு ஒட்டும் ரப்பர் சொல்யூஷனை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள்! பிறகு நடுவில் தொடங்கி இரு பக்கமும் அழுத்திக்கொண்டே போனால் சுருக்கம் விழாது. கார் கதவுகள் திறந்தே இருக்கட்டும். அந்த நெடி தலைசுற்ற வைக்கும், சட்டெனத் தீயும் பிடிக்கும். பக்கத்தில் பீடிகூட வேண்டாம்.

பைப்பிங் தையல் விட்டிருந்தால், வளைந்த ஊசியால் பழைய துளைகளிலேயே கையால் தையுங்கள். புதுத் துளை போட்டால் தபால்தலை மாதிரி கிழிந்து வரும்.

உள்ளே ஸ்பிரிங் அமுங்கியிருந்தால் எந்தப் பசையும் நிற்காது. ராசிபுரமோ சேலமோ, முதலில் குஷன் கடைக்கு வண்டியை விடுங்கள்.