“ஓஎஸ் போயிடுச்சு” என்று யாராவது சொன்னால்

அக்கா மகள் காணையிலிருந்து போன் செய்தபோது குரலில் அழுகை இல்லை. அழுது முடித்த குரல். “மாமா, லேப்டாப் சரியாயிடுச்சு. ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல.”

கல்லூரியில் கடைசி வருடம். விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் மின்ட் போட்ட பழைய லேப்டாப். முந்தின நாள் ராத்திரி பாஸ்வேர்டு அடித்தால் திரை ஒரு தரம் கறுத்து, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கும் இடத்திலேயே வந்து நின்றிருக்கிறது. காலையில் டவுன் பஸ் ஏறி விழுப்புரத்தில் ஒரு கடையில் கொடுத்தாள். கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் சொன்னாராம்: “ஓஎஸ் போயிடுச்சும்மா, ஃபார்மட் அடிச்சுடலாம்.” ரூ.1,200. பில் கிடையாது. சாயங்காலம் கைக்கு வந்தது விண்டோஸ் போட்ட லேப்டாப். அதுவும் கள்ள விண்டோஸ். ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ஸ்கேன் செய்து வைத்திருந்த சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், அண்ணன் கல்யாணப் படங்கள் எல்லாம் போயின. முதலில் என்ன கோளாறு என்பது இனி யாருக்கும் தெரியாது. சாட்சியையே அழித்துவிட்டார்கள்.

இங்கே முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. சிஸ்டம் திறக்கவில்லை என்பது வேறு, ஃபைல்கள் போய்விட்டன என்பது வேறு. வீட்டுப் பூட்டு துருப்பிடித்தால் பீரோவில் இருக்கும் பத்திரம் எரிந்துபோவதில்லை. லினக்ஸில் நம் ஃபைல்கள் ‘ஹோம்’ என்கிற தனி ஃபோல்டரில் கிடக்கின்றன. அப்டேட் பாதியில் நின்றாலும், திரைக்கான டிரைவர் மக்கர் பண்ணினாலும் அவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒரு 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, லேப்டாப்பை அதிலிருந்து கிளப்பினால் போதும். இன்ஸ்டால் செய்யாமலேயே முழு சிஸ்டமும் ஓடும். உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் திறந்து வேண்டியதை வேறொரு டிரைவுக்கு நகல் எடுத்துக்கொண்டு, அதற்கப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அரை மணி நேர வேலை. எந்தக் கடையிலும் செய்ய முடியும். செய்வதில்லை, ஏனென்றால் ஃபார்மட் அதைவிடச் சுலபம். யாரும் கேட்பதும் இல்லை.

அதே பென் டிரைவ் இன்னொரு சங்கதியையும் சொல்கிறது. டிஸ்க் என்கிரிப்ட் செய்யப்படவில்லை என்றால் உங்கள் பாஸ்வேர்டு ஒரு காவலே இல்லை. உங்களுக்குத் திறக்கும் டிஸ்க் கடைப் பையனுக்கும் திறக்கும். ஆகவே படங்களும் ஆவணங்களும் இருக்கும் லேப்டாப்பைக் கண் மறைவில் விட்டுவிட்டு வர வேண்டாம், முக்கியமாகப் பெண் பிள்ளைகள். அடுத்தவர் கணினியிலிருந்து அனுமதி இல்லாமல் தகவலை நகல் எடுப்பது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 43-இல் வருகிறது. கெட்ட நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66-இன்படி மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்கள், குழந்தைகள் தொடர்பான இணையக் குற்றங்களை மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் பெயர் சொல்லாமலேயே புகார் செய்யவும் வழி இருக்கிறது.

அழிந்ததை மீட்க முடியுமா என்று கேட்டாள். ஃபார்மட் அடித்த அடுத்த நிமிடமே மெஷினை அணைத்திருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓரளவு முடியும். ‘டெஸ்ட்டிஸ்க்’, ‘ஃபோட்டோரெக்’ என்று இலவசக் கருவிகளே உண்டு. ஆனால் மேலே புது விண்டோஸ் ஏறிவிட்டது. டிஸ்க்கும் எஸ்எஸ்டி. எஸ்எஸ்டி அழிக்கப்பட்ட இடத்தைத் தானாகவே துடைத்து வைத்துவிடும். நாற்பது ஐம்பது படங்கள் தேறின. ப்ராஜெக்ட்டை மறுபடி உட்கார்ந்து எழுதினாள்.

கள்ள விண்டோஸ் விஷயத்துக்கு வருகிறேன். பலருக்கும் அது ஒரு குற்றமாகவே தோன்றுவதில்லை. பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 63பி என்ன சொல்கிறது தெரியுமா? திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருடம் சிறை. 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்கு இல்லையென்றால் சிறையை விட்டுவிட்டு, 50,000-க்குள் அபராதத்தோடு நிறுத்திக்கொள்ளக் கோர்ட்டுக்கு இடம் உண்டு. ஒரு கல்லூரிப் பெண்ணைத் தேடிப் போலீஸ் காணைக்கு வந்துவிடாது என்பது எனக்கும் தெரியும். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த விண்டோஸை ‘ஆக்டிவேட்’ செய்யப் போடுகிற கருவி. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் என்னைப் போடு என்று சொல்லுகிற சரக்கு அது. கதவைத் திறந்து வை என்று கேட்கிறவன் எதற்குக் கேட்கிறான்?

இதில் வேடிக்கை, அந்த லேப்டாப்போடு அசல் விண்டோஸ் ஹோம் உரிமம் வந்திருந்தது. விண்டோஸ் 8 காலத்திலிருந்தே இப்படி விற்கும் லேப்டாப்களின் மதர்போர்டிலேயே உரிமத்தின் சாவியைப் பதித்துவிடுகிறார்கள். சரியான பதிப்பைப் போட்டிருந்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகியிருக்கும். கடைக்காரர் கையில் இருந்ததோ எல்லோருக்கும் போடும் ஒரே பென் டிரைவ், ப்ரோ பதிப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை போய் அதை எடுத்துவிட்டு அசல் விண்டோஸையும், பக்கத்திலேயே 30 ஜிபி ஒதுக்கி லினக்ஸ் மின்ட்டையும் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாளே போன். “மாமா, காலைல பத்து மணி. லேப்டாப் மூணரைங்குது.” இது கோளாறே இல்லை. மதர்போர்டுக்குள் ஒரு சின்னக் கடிகாரம் ஓடுகிறது. விண்டோஸ் அதில் நம்மூர் நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸ் அதைக் கிரீன்விச் நேரம் என்று எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டும். இரண்டு பேர் ஒரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்று ஒரு வரி அடித்தால் லினக்ஸ் இறங்கி வந்துவிடும். ஆனால் தேதியே பல வருடம் பின்னால் போய் நின்றால் அது வேறு கதை: உள்ளே இருக்கும் நாணயம் மாதிரியான பேட்டரி செத்துவிட்டது. அப்போது வங்கித் தளம், கல்லூரித் தளம் எதுவும் திறக்காது. ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று எச்சரிக்கும். தளத்தின் சான்றிதழ் இன்றைக்குச் செல்லும், லேப்டாப் இருக்கும் தேதிக்குச் செல்லாது. இதற்கும் ஃபார்மட் அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பழைய வியாதியே திரும்பி வந்தது. பாஸ்வேர்டு போட்டால் கறுத்துத் திரும்புகிறது. இந்த முறை பஸ் ஏறவில்லை.

“கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3. மூணையும் சேர்த்து அமுத்து.”

“கறுப்பா வருது மாமா. லாகின்னு கேக்குது.”

“பேரும் பாஸ்வேர்டும் போடு. பாஸ்வேர்டு அடிக்கறது திரையில தெரியாது, பயப்படாத. இப்ப டி எஃப், ஸ்பேஸ், மைனஸ், ஹெச்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “ஒரு ஸ்லாஷ் மட்டும் போட்டிருக்கே, அந்த வரில நூறு பர்சன்ட்னு இருக்கு.”

அதுதான் விஷயம். டிஸ்க் நிரம்பி வழிகிறது. உள்ளே நுழையும்போது லினக்ஸுக்குச் சில சின்ன ஃபைல்களை எழுதியாக வேண்டும். எழுத இடம் இல்லையென்றால் உங்களை வெளியே தள்ளிவிடும். பாஸ்வேர்டு தப்பு என்றுகூடச் சொல்லாது. ‘சுடோ ஆப்ட் கிளீன்’ என்று அடிக்கச் சொன்னேன். முன்பு இறக்கி வைத்த இன்ஸ்டால் ஃபைல்கள் காலியாயின. உள்ளே போனாள். இடத்தை அடைத்திருந்தது ‘டைம்ஷிஃப்ட்’ என்ற கருவி எடுத்து அடுக்கிய சிஸ்டத்தின் பழைய பிரதிகள். இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தாள். இருபது நிமிடம். 30 ஜிபிதான் ஒதுக்குவேன் என்று கஞ்சத்தனம் பண்ணியது நான், ஆகவே பழி என் தலையில்.

கரண்ட் போகிற ஊர்களில் இன்னொன்று அடிக்கடி நடக்கும். அப்டேட் ஓடும்போது பேட்டரியும் கைவிட்டுவிடும். அடுத்த முறை எதையாவது இன்ஸ்டால் செய்தால் சில நேரம் ‘லாக் கிடைக்கவில்லை’ என்று வரும். அந்த லாக் ஃபைலை அழித்துவிடு என்று சொல்லித்தர இணையத்தில் ஆயிரம் பேர் உண்டு. அழிக்காதீர்கள். பின்னால் ஓர் அப்டேட் நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கலாம், பத்து நிமிடம் பொறுங்கள். அப்படியும் விடவில்லையென்றால் லேப்டாப்பை ஒரு முறை அணைத்துப் போட்டு, ‘சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ அடித்தால் பாதியில் நின்ற வேலையை அதுவே முடித்துக்கொள்ளும். அர்த்தம் தெரியாத கட்டளையை, அதிலும் ‘சுடோ’வில் தொடங்குவதை, எங்கிருந்தும் எடுத்து ஒட்டாதீர்கள். ‘சுடோ’ என்பது வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்து.

நம் மேல் தப்பே இல்லாமலும் மெஷின் நின்றுபோகும். 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், இரண்டு சிஸ்டமும் போட்டிருந்த பல கணினிகளில் லினக்ஸைக் கிளம்பவிடாமல் செய்தது. பழைய, பாதுகாப்பில்லாத பூட் ஃபைல்களைத் தடுக்கக் கொண்டுவந்த ஏற்பாடு அது. இரண்டும் இருக்கும் கணினியைக் கண்டுகொண்டு ஒதுங்கிப் போயிருக்க வேண்டும், சிலவற்றில் போகவில்லை. ‘ஏதோ மிகப் பெரிய தவறு நடந்துவிட்டது’ என்கிற பொருளில் ஒரு வரியைக் காட்டிவிட்டு மெஷின் அணைந்துவிடும். பார்த்தவர் டிஸ்க் போச்சு என்றுதான் நினைப்பார். பயாஸில் ‘செக்யூர் பூட்’டை அணைத்தாலே லினக்ஸ் கிளம்பியது. ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. மைக்ரோசாஃப்ட் முழுத் தீர்வைக் கொடுத்தது 2025 மே மாதத்தில்.

லினக்ஸில் ஆபத்தே இல்லை என்று பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள்ளேயே ஆள் புகுந்து, இறக்கும் சுட்டியைப் பின்கதவு வைத்த ஒரு பிரதிக்குத் திருப்பிவிட்டான். அன்றைக்கு இறக்கியவர்களுக்கு வந்தது அதுதான். இன்றும் லினக்ஸை இன்ஸ்டால் செய்யும் ஐஎஸ்ஓ ஃபைல் பென் டிரைவில் கைமாறித்தான் ஊருக்குள் வருகிறது. இறக்கும் பக்கத்திலேயே கொடுத்திருக்கும் நீளமான சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட இரண்டு நிமிடம் ஆகும். உதவி எண் தேடுவதிலும் கவனம் வேண்டும். பிரின்டர் வேலை செய்யவில்லை என்று தேடினால் முதலில் வந்து விழும் எண் பல நேரம் மோசடிக்காரனுடையது. திரையைப் பகிரும் செயலியைப் போடச் சொல்வான், பத்து ரூபாய் அனுப்பிப் பார் என்பான். பணம் போனது தெரிந்த உடனே 1930 என்கிற சைபர் மோசடி உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், கூடவே வங்கிக்கும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதிப்படி, ஓடிபியை நாமே கொடுத்திருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை உள்ள நஷ்டம் நம்முடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது.

இலவச மென்பொருள்தானே, உரிமை என்ன கேட்பது என்று நினைக்கலாம். லினக்ஸ் வருகிற ஜிபிஎல் உரிமத்தில் உத்தரவாதம் எதுவும் கிடையாது என்று எழுதித்தான் இருக்கிறது. எழுதியவர் மேல் வழக்குப் போட முடியாது. அதற்கு ஈடாக ஓட்டவும், பிரித்துப் படிக்கவும், மாற்றவும், அடுத்தவருக்குக் கொடுக்கவும் உரிமை தருகிறது. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு பழுது பார்த்தவர் அந்த உத்தரவாத வரிக்குப் பின்னால் ஒளிய முடியாது. ஓடுவது லினக்ஸோ விண்டோஸோ, லேப்டாப் வாங்கியதோ அரசு கொடுத்ததோ, அவர் கூலி வாங்கிய சேவை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. சொல்லாமல் தகவலை அழித்தது சேவைக் குறைபாடு என்று வாதாட இடம் உண்டு. பில் தராததை அந்தச் சட்டமே நியாயமற்ற வணிக நடவடிக்கைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. முதல் படி 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காணைக்காரருக்கு அது விழுப்புரத்திலேயே இருக்கிறது. வேறு ஊர்க் கடையென்றாலும் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. ஆயிரத்து இருநூறுக்கு அவ்வளவு தூரமா என்றுதான் எங்கள் வீட்டிலும் விட்டுவிட்டோம். கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை என்பது இன்னொரு காரணம்.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னையில் சிடாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்தே கிராமங்களுக்கு வந்தது. மெஷின் வந்தது, கேட்டால் சொல்லித்தர ஆள் வரவில்லை. எங்கள் தெருவில் பலர் முதல் வாரமே பாஸ் லினக்ஸை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த நிலை இல்லை. விழுப்புரத்தில் விஜிஎல்யுஜி என்ற லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தன்னார்வலர்கள், கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லித்தருகிறவர்கள். தமிழிலேயே படிக்க 2012 முதல் ‘கணியம்’ இதழ் உண்டு. யாரிடம் கேட்டாலும் ‘ஓடல’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, கடைசியாக என்ன செய்தீர்கள், திரையில் வந்த பிழைச் செய்தி முழுசாக. செல்போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

போன மாதம் அவள் லேப்டாப்பில் தேதி பின்னால் போய் நின்றுவிட்டது. பேட்டரி மாற்ற வேறொரு கடைக்குப் போனாள். ஃபைல்களைப் பென் டிரைவில் எடுத்துவிட்டு, வேலை முடியும்வரை கவுன்டர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாளாம். பில் கேட்டதற்குக் கடைக்காரர், “அம்பது ரூபாய்க்கு பில்லாம்மா?” என்று சிரித்தாராம். இவளும் சிரித்துக்கொண்டே கையை நீட்டியபடி நின்றிருக்கிறாள். மேஜை டிராயருக்குள் பில் புக் எங்கே என்று அவர் தேடியதுதான், பேட்டரி மாற்றியதைவிட நேரம் எடுத்ததாம்.