சித்தம்பூண்டிக் கல்லும் நிலாத் தண்ணீரும்

எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர்க் கணக்கு எழுதுகிறவள் நான். காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளியில் காவேரித் தண்ணி என்றைக்கு வரும், போர்வெல் எவ்வளவு நேரம் ஓடும், சம்ப் நிரம்ப டேங்கருக்கு எப்போது போன் போட வேண்டும் எல்லாம் என் நோட்டில் இருக்கும். மாடி வீட்டுப் பையன் காலேஜில் படிக்கிறான். "பூமியில தீர்ந்தா என்ன ஆன்ட்டி? நிலாவுல ஐஸ் இருக்கு, விண்கல்லுல பிளாட்டினம் இருக்கு" என்கிறான். டேங்கர் வாடகை யார் கொடுப்பது என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் பெங்களூரில் 13,900 அரசுப் போர்வெல்களில் 6,900 வறண்டுவிட்டன என்று துணை முதல்வரே சொன்னார். 12,000 லிட்டர் டேங்கருக்கு 5 கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று விலை கட்ட வேண்டிய நிலை வந்தது. காவேரியோ ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி, டி.கே. ஹள்ளி நீரேற்று நிலையத்திலிருந்து அரை கிலோமீட்டர் உயரத்துக்கு மோட்டார் வைத்து ஏற்றப்பட்டு வருகிறது. இதற்கே இந்தப் பாடு. நிலா 3,84,000 கிலோமீட்டர்.

சந்திரயான்-3 செலவு சுமார் 615 கோடி. அந்தப் பணத்தில் நிலா மண்ணில் உருண்டது 26 கிலோ பிரக்யான் ஊர்தி; இரண்டு குடம் தண்ணீரின் எடைகூட இல்லை. நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் வேண்டும் என்று அரசாங்கக் கணக்கே சொல்கிறது. அந்த 615 கோடியும் போகிற வழிக்கு மட்டும்தான். அங்கிருந்து கொண்டுவருவது இன்னும் கஷ்டம். ஜப்பானின் ஹயாபுசா-2 ரியூகு விண்கல்லிலிருந்து 2020-இல் கொண்டுவந்தது 5.4 கிராம். நாசா 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்து பென்னு விண்கல்லிலிருந்து 2023-இல் எடுத்துவந்தது 121.6 கிராம். அப்பல்லோ வீரர்கள் இறங்கிய ஆறு தடவையும் சேர்த்து 382 கிலோ. இவ்வளவும் ஆய்வகத்துக்குத்தான் போயிற்று, கடைக்கு வரவில்லை.

அப்படியானால் சந்திரயான்-1 தண்ணீரைக் கண்டது வீணா? அதுதான் இல்லை. மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த அந்த விண்கலம் 2008 அக்டோபர் 22-இல் கிளம்பியது. அதிலிருந்த நாசா கருவி நிலவின் மேற்பரப்பில் நீரின் தடயம் இருப்பதைக் காட்டியது 2009-இல் உலகத்துக்கே செய்தியானது. அதே ஆண்டு நாசா தென்துருவத்துப் பள்ளம் ஒன்றில் ராக்கெட் பாகத்தை மோதவிட்டுப் பார்த்தபோது, நூறு கிலோ மண்ணில் ஐந்தாறு கிலோ நீர் இருக்கலாம் என்று தெரிந்தது. வெயிலே படாத பள்ளம், மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே. அந்த ஐஸ் நம் சம்புக்கு வரப்போவதில்லை. அங்கே தங்கப்போகிறவர்கள் குடிக்கவும், ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து ராக்கெட்டுக்கு எரிபொருளாக்கவும்தான். இங்கிருந்து சுமக்கிற பாரம் அந்த அளவுக்குக் குறையும். விஞ்ஞானிகள் சொல்வது இவ்வளவுதான். 'நிலாவிலிருந்து தண்ணீர்' என்று நாம் கேட்டுக்கொள்வது வேறு.

உண்மையில் இதுவரை சரக்குப் போக்குவரத்து தலைகீழாகத்தான் நடந்திருக்கிறது. நான் பரமத்தி வேலூர் பக்கத்துக்காரி. எங்கள் ஊர்ப்பக்கம் சித்தம்பூண்டியில் வெள்ளையில் கறுப்புப் புள்ளி தெளித்தது போல ஒரு பாறை உண்டு. சிவப்புக் கல் கிடைக்கும் என்று அந்தக் காலத்திலேயே தோண்டிய இடம். அந்தப் பாறைக்குப் பெயர் அனார்த்தசைட். நிலாவின் மேட்டு நிலங்களும் பெரும்பாலும் இதே கல்தான். தரையிறங்கு கலமான விக்ரம் இறங்கிப் பழகவும் பிரக்யான் உருண்டு பழகவும் இஸ்ரோவுக்கு டன் கணக்கில் நிலா மண் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வாங்கினால் கட்டுப்படியாகாது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியல் துறையினர் சித்தம்பூண்டியையும் குன்னமலையையும் காட்டினார்கள். கல்லை உடைத்து, கிரஷரில் அரைத்து, நிலா மண்ணின் பதத்துக்குச் சலித்து ஏறக்குறைய 50 டன் பெங்களூருக்கு வந்தது. அந்த மண் தயாரிக்கும் முறைக்கு இஸ்ரோ 2020-இல் காப்புரிமையும் வாங்கிவிட்டது. விண்கல்லில் தேடப்போகிற பிளாட்டினக் குடும்ப உலோகங்கள்கூட இதே சித்தம்பூண்டிப் பாறையில் கொஞ்சம் உண்டு என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டிருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதனால் ஒன்றும் கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு கொட்டவில்லை.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. 2020-இல் இங்குள்ள இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் சேர்ந்து, நிலா மண் மாதிரியில் செங்கல் செய்தார்கள். சிமென்ட் கிடையாது, சூளை கிடையாது. மண்ணில் யூரியா, ஒருவகை பாக்டீரியா, கொத்தவரை விதைப் பிசின். பாக்டீரியா யூரியாவைச் சிதைக்கும்போது உண்டாகிற சுண்ணாம்புப் படிகம் மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. யூரியாவுக்கு எங்கே போவது? மனிதர்களின் சிறுநீரிலிருந்தே எடுக்கலாம் என்கிறார்கள். விண்வெளி நிலையத்திலும் இதே சிக்கனம்தான்: வேர்வை, மூச்சு ஈரம், சிறுநீர் எல்லாவற்றிலிருந்தும் 98 சதவீதத் தண்ணீரை மீட்டுவிடுகிறார்கள். வளம் எடுக்கப் போனவர்கள் முதலில் கற்றுக்கொண்டது வீணாக்காமல் இருப்பதை.

ஜனத்தொகை பெருகுகிறது, வேறு கோளுக்குக் குடிபோக வேண்டும் என்று மிரட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 1961-இல் ககாரின் போனதிலிருந்து விண்வெளிக்குப் போனவர்கள் ஆயிரம்கூட இல்லை. உலகில் பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்தால் ஒரு நாளைக்குக் கூடுகிறவர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம்.

எனக்குக் கவலை வேறு. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் நிலாவைச் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் தோண்டி எடுத்தது தோண்டியவனுக்கே என்று அமெரிக்கா 2015-இல் தன் கம்பெனிகளுக்குச் சட்டம் போட்டுக்கொடுத்தது. நிலா மனித குலத்தின் பொதுச் சொத்து என்று சொன்ன 1979 உடன்படிக்கையில் அமெரிக்காவும் சீனாவும் கையெழுத்தே போடவில்லை. இந்தியா போட்டது, ஆனால் உறுதி செய்யவில்லை. 2023 ஜூனில் அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டிலும் சேர்ந்துகொண்டது. ஐஸ் இருப்பதோ குறிப்பிட்ட சில பள்ளங்களில். சீனாவின் சாங்கே-7, ஜப்பானோடு சேர்ந்து இந்தியா அனுப்பவிருக்கும் சந்திரயான்-5, அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ் எல்லாவற்றுக்கும் குறி அதே தென்துருவம்தான்.

1991 டிசம்பரில் காவேரி இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்தபோது இந்த ஊரில் இருந்தவள் நான். தண்ணீருக்காகக் கலவரம் மூண்டு தமிழ்க் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். காவேரிக்காவது 1990-இல் ஒரு நடுவர் மன்றம் இருந்தது. இறுதித் தீர்ப்பு உச்ச நீதிமன்றத்திலிருந்து வர 2018 ஆயிற்று. நிலாவின் ஐஸுக்கு மன்றமே இன்னும் போடவில்லை.