வாங்கிய ஒரே வாரத்தில் மிதக்கும் வண்ண மீன்கள்: 3 அடி தொட்டிக்கு எந்த மீன் சரிப்படும்?

சென்னை:

ஞாயிற்றுக்கிழமை வந்தால் சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் இருக்கும் தெருக்களில் கூட்டம் அலைமோதும். பைக்கின் முன்னால் பிள்ளையை உட்கார வைத்து, ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் கவரைக் கையில் பிடித்தபடி குடும்பம் குடும்பமாகத் திரும்புவார்கள். தொட்டி, மோட்டார், கல், பிளாஸ்டிக் செடி, மீன் என்று சில ஆயிரம் ரூபாய் ஒரே நாளில் கரைந்திருக்கும். அடுத்த ஞாயிறு அதில் பலர் மறுபடியும் அதே கடை வாசலில் நிற்பார்கள். "பாதி மீன் செத்துப் போச்சு" என்பதுதான் புகார்.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார், மோட்டார் மட்டம், கண் பட்டுவிட்டது என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்வதுண்டு. ஆனால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. தொட்டிக்குப் பொருந்தாத மீனை, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஜோடியாக, ஒரே நாளில் மொத்தமாக வாங்கிப் போட்டு விடுகிறார்கள். மீன் சாகாமல் என்ன செய்யும்?

முதலில் கணக்கு

வீடுகளில் அதிகம் வாங்குவது 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் கொண்ட தொட்டி. பார்க்கப் பெரிசாகத் தெரியும். அங்குலத்தில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 61-ல் வகுத்தால் எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 36, 12, 15 என்று பெருக்கி வகுத்தால் 106 லிட்டர். அடியில் போடும் கல், மேலே விடும் காலி இடம் எல்லாம் போக உள்ளே நிற்கும் தண்ணி சுமார் 85 லிட்டர்தான். வீட்டில் இருக்கும் பெரிய டிரம் ஒன்றுக்குக்கூட வராது. மீன் தின்பது, கழிவது, மூச்சு விடுவது எல்லாம் இதற்குள்ளேதான்.

(கண்ணாடி, கல், தண்ணி எல்லாம் சேர்த்தால் எடை 100 கிலோவைத் தாண்டும். பழைய டி.வி. ஸ்டாண்டு மேல் வைப்பவர்கள் யோசிக்கவும்.)

குஞ்சைப் பார்த்து ஏமாறாதீங்க

கடையில் இருக்கும் மீன்கள் எல்லாம் பெரும்பாலும் குஞ்சுகள். 2 அங்குலத்தில் அழகாக நீந்துவது எல்லாம் அதே அளவில் நின்றுவிடாது. "அண்ணே, இது வளர்ந்தா எவ்வளவு பெரிசு வரும்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கேட்பவர்கள்தான் குறைவு.

ஆஸ்கார் மீனை எடுத்துக்கொள்வோம். கையில் வந்து தீனி வாங்கும், ஆளை அடையாளம் தெரியும் என்று ஆசையாக வாங்குவார்கள். உண்மைதான், கெட்டிக்கார மீன். ஆனால் முதல் சில மாதங்களில் மாதம் ஒரு அங்குலம் வரை வளரும். முழுசாக வளர்ந்தால் 10 முதல் 12 அங்குலம். தொட்டியின் அகலமே 12 அங்குலம். திரும்பக்கூட முடியாது. அதற்குள் வாயில் நுழையும் சின்ன மீன்களை எல்லாம் விழுங்கி முடித்திருக்கும். "ஆஸ்காரோடு பத்து மாலி விட்டோம், காணோம்" என்றால் போன இடம் அதுதான்.

"ஷார்க்" என்று வெள்ளி நிறத்தில் துறுதுறுவென ஓடும் மீனும் அப்படித்தான். அது சுறாவே இல்லை. பங்கேசியஸ் என்னும் கெளுத்தி இனம். ஓட்டல்களில் முள் இல்லாத "பாசா" மீன் என்று போடுகிறார்களே, பெரும்பாலும் அதுதான். 4 அடி வரை வளரக்கூடியது. சிவந்த வயிறோடு "பிரானா" என்று விற்பதில் பெரும்பாலானவை பிரானாவே கிடையாது. பாக்கு என்ற மீனின் குஞ்சுகள். ரூப்சந்த், ஏரி வவ்வால் என்று மார்க்கெட்டில் வெட்டி விற்பார்கள், அதே மீன். கறிக்கு வளர்க்கிற மீனை 85 லிட்டர் தண்ணியில் போட்டால் அது எப்படி நிம்மதியாக இருக்கும்?

அரவானா 3 அடி வரை போகும், மூடி இல்லாவிட்டால் தாவித் தரையில் விழுந்து செத்துக் கிடக்கும். கோய் கார்ப் 2 அடி வரும், குளத்துக்கான மீன். வாஸ்துக்கு நல்லது என்று தேடிப் பிடிக்கும் பிளவர்ஹார்ன், 1990-களில் மலேசியாவில் கலப்பு செய்து உருவாக்கப்பட்டது. ஒரு அடி வரை வளரும், கூட எந்த மீனையும் விட்டு வைக்காது. 3 அடி தொட்டியில் தனியாக விட்டால்கூட அதற்கு நெருக்கடிதான்.

'டேங்க் கிளீனர்' செய்யும் வேலை

இந்தப் பட்டியலில் முக்கியமான ஆள், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சக்கர் மீன். "இதை ஒண்ணு போட்டுக்கங்க, தொட்டியைக் கழுவவே வேண்டாம்" என்று கூடவே கட்டிக் கொடுப்பார்கள். பாசியை மேயும், அவ்வளவுதான். மற்ற மீனின் கழிவைத் தின்பதில்லை. சொல்லப்போனால் தொட்டியில் அதிகம் கழிவு போடுவதே அதுதான். ஒன்றரை அடி வரை வளரும்.

வளர்ந்ததும் என்ன செய்வார்கள்? கொல்ல மனசு வராது. பக்கத்து ஏரியில், கால்வாயில் கொண்டுபோய் விட்டு விடுவார்கள். புண்ணியம் என்று நினைப்பு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீனுக்கு இங்கே பெரிய எதிரி இல்லை. உடம்பு முழுக்க எலும்புக் கவசம், அழுக்குத் தண்ணியிலும் வாழும், தண்ணிக்கு வெளியே மணிக்கணக்கில் தாங்கும். கரையைக் குடைந்து பொந்து போட்டு முட்டையிடும். சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் இன்று மீனவர்கள் வலை வீசினால் இது சிக்குகிறது. முள் குத்தி வலை கிழிகிறது. வாங்க ஆள் கிடையாது. பிழைப்புக்கு வலை போடுபவனுக்கு யாரோ வீட்டு வரவேற்பறையில் இருந்து வந்த வினை இது. 2023-ல் காஷ்மீரின் தால் ஏரியில் முதலை வாய் கொண்ட அலிகேட்டர் கார் மீன் சிக்கி பரபரப்பானது நினைவிருக்கும். அதுவும் அமெரிக்க மீன், வண்ண மீன் வியாபாரத்தில் குஞ்சாகப் புழங்குவதுதான்.

பாசி மேய மீன் வேண்டும் என்றால் பிரிஸ்டில் நோஸ் என்று கேட்கலாம். அது 5 அங்குலத்தோடு நின்றுவிடும். ஒன்று போதும்.

உங்க வீட்டுத் தண்ணி என்ன தண்ணி?

அடுத்து தண்ணி. சோப்பு போட்டால் நுரை வராது, பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படியும் என்றால் அது கடினத் தண்ணி. போர் தண்ணி பிடிக்கும் பல வீடுகளில் இதே கதைதான். இந்தத் தண்ணிக்கு மாலி, கப்பி, பிளாட்டி, ஸ்வார்டு டெயில் ஆகிய குட்டி போடும் மீன்கள் ரொம்பப் பொருத்தம். மாலிக்கு லேசான உப்புத் தண்ணியே ஒத்துக்கொள்ளும். அதே தண்ணியில் டிஸ்கஸ் மீனை விட்டால் காசு போச்சு என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். அதற்கு மென்மையான தண்ணி வேண்டும். கேன் தண்ணியை மட்டும் ஊற்றுவதும் தப்பு. அதில் மீனுக்குத் தேவையான தாது சத்து இருக்காது.

குழாயில் வரும் மெட்ரோ தண்ணியில் குளோரின் இருக்கும். மீனின் செவுளை அது எரித்துவிடும். ஒரு நாள் முழுக்க பக்கெட்டில் திறந்து வைத்து, ஏர் பம்ப் ஓட விட்டு ஊற்ற வேண்டும். அவசரம் என்றால் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். நியான் டெட்ரா நீலமும் சிவப்புமாக மின்னும், எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அது 22 முதல் 26 டிகிரி வரை உள்ள தண்ணியில் வாழும் மீன். மே மாதத்தில் ஓட்டு வீட்டிலும் ஷீட் போட்ட வீட்டிலும் தொட்டித் தண்ணி 32 டிகிரியைத் தொடும்போது அது தாங்காது. தண்ணி சூடானால் அதில் ஆக்சிஜனும் குறையும். ஏசி இல்லாத வீட்டில் நியானை விட விடோ டெட்ரா பரவாயில்லை. அதிலும் கருப்பு, வெள்ளை போதும். ரோஸ், பச்சை, ஊதா என்று விற்பவை சாயம் ஏற்றியவை. சில மாதத்தில் வெளுத்துவிடும், மீனுக்கும் வேதனை.

யாரோடு யார்?

மீனுக்கும் குணம் உண்டு. டைகர் பார்ப் நாலைந்து மட்டும் இருந்தால் மற்ற மீனின் வாலைக் கடித்துக்கொண்டே இருக்கும். எட்டு, பத்தாக விட்டால் தங்களுக்குள் துரத்திக்கொண்டு மற்றதை விட்டுவிடும். அப்போதும் ஏஞ்சல், கப்பி போன்ற நீள வால் மீன்களோடு சேர்க்கக் கூடாது. ஆண் பைட்டர் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று சாகும் வரை சண்டைதான். கோல்டு பிஷ் சாதுவானது, ஆனால் குளிர்ந்த தண்ணி கேட்கும், கழிவு அதிகம். அதை டெட்ரா, ஏஞ்சலோடு கலப்பது இரண்டு பக்கமும் நஷ்டம். கோல்டு பிஷ்தான் வேண்டும் என்றால் உருண்டை உடம்பு ரகத்தில் இரண்டு போதும், வேறு எதுவும் வேண்டாம். அதற்கும் வெயில் காலத்தில் கூடுதல் காற்று தேவை.

85 லிட்டருக்கு ஒத்துவரும் கூட்டணி என்றால், கடினத் தண்ணி வீட்டில் ஆறு மாலி, ஆறு பிளாட்டி, அடியில் ஒரு பிரிஸ்டில் நோஸ். ஒரு ஆணுக்கு இரண்டு பெண் என்று வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆண்கள் துரத்தியே பெண் மீன்கள் இளைத்துப் போகும். மாதம் ஒரு முறை இருபது, முப்பது குட்டி போடும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். குட்டித் தொல்லை வேண்டாம் என்றால் ஆண் கப்பி மட்டும் பத்து, பன்னிரண்டு வாங்கலாம். கலரும் ஆணுக்குத்தான்.

தண்ணி ஓரளவு மென்மையாக இருந்தால் பத்து விடோ டெட்ரா, ஒரு ஜோடி கவுராமி, அடியில் ஐந்து கோரி. கவுராமி தண்ணிக்கு மேலே வந்து காற்றை வாங்கும் மீன். கரண்டு போனாலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். முதல் முறை வளர்ப்பவர்களுக்கு இன்னும் எளிது நம் நாட்டு ஸீப்ரா மீனும் ரோசி பார்பும். ஆறாறாக விட்டால் தொட்டியே கலகலப்பாகிவிடும்.

ஒரே நாளில் வேண்டாம்

எந்த மீனாக இருந்தாலும் மொத்தமாக வாங்கக் கூடாது. மீன் கழிவில் இருந்து அம்மோனியா உண்டாகும். அது விஷம். அதைத் தின்று மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் பில்டர் பஞ்சிலும் கல்லிலும் வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் அவை இருக்காது. முதல் வாரச் சாவுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். எனவே முதலில் நாலே நாலு ஸீப்ராவோ மாலியோ விட்டு, தீனியைக் குறைத்துப் போட்டு, ஒரு மாதம் பொறுத்து மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணி மாற்றினால் போதும். பளபளவென்று இருக்க வேண்டும் என்று மொத்தத் தண்ணியையும் கொட்டி, பஞ்சைக் குழாயில் கழுவினால் அந்தப் பாக்டீரியா எல்லாம் சாக்கடைக்குப் போகும். எடுத்த பழைய தண்ணியிலேயே பஞ்சை அலசுவதுதான் சரி.

கடையில் மீனைப் பார்க்கும்போது அதே தொட்டியில் செத்த மீன் கிடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உடம்பில் ரவை தூவியது போல் வெள்ளைப் புள்ளி, மடங்கிய துடுப்பு, ஒட்டிய வயிறு இருந்தால் அந்தத் தொட்டியில் எதையும் வாங்க வேண்டாம். கடைக்காரரைக் கொஞ்சம் தீனி போடச் சொன்னால் தெரிந்துவிடும். ஓடி வந்து தின்கிற மீன் நல்ல மீன். வீட்டுக்கு வந்ததும் கவரோடு 15, 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவரில் கலந்து, பிறகு மீனை மட்டும் எடுத்து விட வேண்டும்.

ஏற்கனவே ஆஸ்காரும் சக்கரும் வாங்கி வளர்த்துவிட்டவர்கள் வாங்கிய கடையிலேயே கேட்டுப் பார்க்கலாம். வளர்ந்த மீனைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு. காசு தராவிட்டாலும், பதிலுக்கு நாலு மாலி கொடுப்பார்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவர்களும் எடுத்துக்கொள்வார்கள். ஏரி, கிணறு, கோயில் குளம் மட்டும் கூடவே கூடாது.