20 செல்லா, 40 செல்லா? கணினிக்கான பிரெய்ல் கருவி பற்றிச் சில குறிப்புகள்

எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பி, பிறவியிலேயே பார்வை இல்லாதவர், பனியன் கம்பெனி ஒன்றின் ஆபீஸில் பில்லும் பேக்கிங் லிஸ்ட்டும் போடுகிறார். கணினியில் அவருக்குத் துணை என்விடிஏ. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் இலவச மென்பொருள் அது. மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-இல் தொடங்கியது.

போன வருஷம் ஒரு லிஸ்ட்டில் 13 பெட்டி 30 பெட்டி ஆகிவிட்டது. 'தர்ட்டீன்', 'தர்ட்டி'. பக்கத்து ஷெட்டில் நிட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் காதில் விழும். சரக்கு கிளம்பும் முன்பே பிடித்துவிட்டார்கள். ஆனால் முதலாளி, "இனிமே நீங்க போடறதை இன்னொருத்தர் ஒருக்கா பார்த்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். ஒரு ஆள் வேலைக்கு இரண்டு ஆள் என்றால் எத்தனை மாதம் தாங்கும் என்று தம்பிக்குத் தெரியாதா?

"விரல்ல படிச்சா இந்தத் தப்பு வராதுங்ணா. நீங்கதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, ஒரு மிஷின் பார்த்துச் சொல்லுங்க" என்றார். அப்படித்தான் இந்த ஆராய்ச்சி ஆரம்பித்தது.

அவர் கேட்டது பிரெய்ல் டிஸ்ப்ளே. கீபோர்டுக்கு முன்னால் வைக்கும் நீளமான பட்டை. அதில் வரிசையாகச் செல்கள், ஒவ்வொரு செல்லிலும் எட்டு ஊசிகள். ஸ்கிரீன் ரீடர் சொல்கிற எழுத்துக்கு ஏற்ப ஊசிகள் மேலே எழும், இறங்கும். காகித பிரெய்லில் ஆறு புள்ளிதான். கீழே கூடுதலாக இருக்கும் இரண்டும் கர்சர் எங்கே நிற்கிறது, எது பெரிய எழுத்து என்று காட்ட உதவும். 14, 20, 40, 80 செல் என்று பல அளவில் கிடைக்கிறது.

நான் செய்த முதல் காரியம் விலைப் பட்டியல் பார்த்தது. 40 செல் இறக்குமதிக் கருவி லட்சத்தைத் தாண்டுகிறது. 20 செல் கருவிகள் அதில் ஒரு பங்குதான். 'ஒரு நேரத்தில் 20 எழுத்து போதுமே, மீதியை பட்டனை அழுத்தி நகர்த்திப் படித்துக்கொள்ளலாம்' என்று எக்ஸ்பர்ட் மாதிரி சொல்லிவிட்டேன். தம்பி சிரித்தார். "தமிழ்ல எண்ணிப் பார்த்தீங்களாண்ணா?"

எண்ணவில்லை. பிறகுதான் உட்கார்ந்து எண்ணினேன்.

இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951-இல் ஏற்கப்பட்டது பாரதி பிரெய்ல். தமிழ் க, இந்தி க இரண்டுக்கும் ஒரே புள்ளிகள். இதில் உயிர்மெய் என்று தனி வடிவம் கிடையாது. 'தி' என்றால் த ஒரு செல், இ ஒரு செல். புள்ளி வைத்த மெய்க்கும் இரண்டு செல்: முதலில் புள்ளிக் குறி, அடுத்து எழுத்து. (யூனிகோடில் இது தலைகீழ், எழுத்துக்குப் பின்னால்தான் புள்ளி வரும். மொழிபெயர்க்கும் மென்பொருள் ஒவ்வொரு முறையும் இடம் மாற்றிப் போட வேண்டும்.)

'திருப்பூர்' கண்ணுக்கு ஐந்து எழுத்து. விரலுக்கு: த இ ர உ, புள்ளி ப, ப ஊ, புள்ளி ர. பத்து செல். 'பின்னலாடை' ஒன்பது. நடுவில் இடைவெளி ஒன்று. 'திருப்பூர் பின்னலாடை' என்ற இரண்டே வார்த்தையில் 20 செல் கருவி நிரம்பிவிட்டது! மூன்றாவது வார்த்தைக்குப் பட்டனை அழுத்த வேண்டும். ஆங்கிலத்தில் சுருக்கெழுத்து பிரெய்ல் உண்டு. 'அண்ட்', 'தி' போன்ற வார்த்தைகள் ஒரே செல்லில் முடிந்துவிடும். வெளிநாட்டு விமர்சனங்களில் 20 செல் தாராளம் என்று எழுதுகிறவர்கள் அந்தக் கணக்கில் எழுதுகிறார்கள். நமக்கு அது பொருந்தாது.

இன்னொரு வேடிக்கையும் அகப்பட்டது. பாரதி பிரெய்லில் ண எழுத்தும், 'அடுத்து எண் வருகிறது' என்று சொல்லும் குறியும் ஒரே புள்ளிகள். இ எழுத்தும் 9-ம் ஒரே புள்ளிகள். ஆக 'துணி' என்று எழுதினால் கடைசி இரண்டு செல்லும் 9 மாதிரியே இருக்கும். பழகிய விரல் வார்த்தையைப் பார்த்துப் புரிந்துகொள்ளும், சிக்கல் இல்லை. ஆனால் எழுத்தும் எண்ணும் கலந்த ஸ்டைல் நம்பர், பிஓ நம்பர் படிக்கும்போது எட்டுப் புள்ளி முறைக்கு மாறுவது நல்லது. அதில் எண் குறியே வேண்டாம், ஒரு இலக்கத்துக்கு ஒரு செல். அதனால் வாங்கும் கருவி ஆறு புள்ளியா எட்டுப் புள்ளியா என்று கேட்டுவிடுங்கள்.

செல் எண்ணிக்கைக்கு அடுத்தது ரூட்டிங் பட்டன். ஒவ்வொரு செல்லுக்கும் மேலே ஒரு குட்டி பட்டன். அழுத்தினால் கர்சர் நேராக அந்த எழுத்துக்குப் போய் நிற்கும். நமக்கு மவுஸ் கிளிக் என்ன வேலை செய்கிறதோ அதுதான் இது. இல்லாவிட்டால் அம்புக்குறியைத் தட்டித் தட்டிப் போக வேண்டும். புத்தகம் மட்டும் படிப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை, எக்செல்லில் திருத்துகிறவருக்கு உயிர். விலை குறைவாக வந்து பேர் வாங்கிய ஆர்பிட் ரீடர் 20-இன் முதல் மாடலில் இது இல்லை. புள்ளிகள் காகிதம் போலவே அழுத்தமாக இருக்கும், எஸ்டி கார்டில் புத்தகம் போட்டுப் படிக்கலாம். மாணவருக்கு நல்ல கருவி. பில் போடுகிறவருக்கு வேறு தேவை.

விலை ஏன் இவ்வளவு என்று தோண்டியபோதுதான் எனக்கு உள்ளூர்க்காரன் சந்தோஷம் வந்தது. பெரும்பாலான கருவிகளில் ஒவ்வொரு ஊசியின் கீழும் பீசோ செராமிக் பட்டை ஒன்று இருக்கிறது. சுமார் 200 வோல்ட் கொடுத்தால் லேசாக வளைந்து ஊசியைத் தூக்கும். 40 செல் என்றால் 320 பட்டை. நம்ம ஊர் கம்ப்யூட்டர் ஜக்கார்ட் நிட்டிங் மெஷினில் எந்த ஊசி பின்ன வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும் இதே மாதிரி வளையும் பீசோ பட்டைதான். டிசைன் போட்டுக் கொடுக்கிற அதே சங்கதி தம்பியின் விரலுக்கு எழுத்துப் போடுகிறது.

மென்பொருள் பக்கம் சுருக்கமாக: என்விடிஏ பிரெய்லுக்கு லிப்லூயி என்ற திறமூல நூலகத்தைப் பயன்படுத்துகிறது, அதில் தமிழ் அட்டவணை இருக்கிறது. செட்டிங்ஸில் தேர்ந்தெடுத்தால் போதும். கருவி 2018-இல் அறிவிக்கப்பட்ட யூஎஸ்பி ஹெச்ஐடி பிரெய்ல் தரத்தில் இருந்தால் தனி டிரைவர் தலைவலி குறையும். பழைய கருவி என்றால் என்விடிஏ கையேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒருவர் கைமாற்றிய பழைய 40 செல் கருவி கிடைத்தது. ரூட்டிங் பட்டன் உண்டு. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேரில் போனோம். எட்டுப் புள்ளியும் எழும் குறியை நோட்பேடில் நாற்பது தடவை ஒட்டினேன். தம்பி இடமிருந்து வலமாக ஒரு தடவை தடவிவிட்டு, "பதினேழாவதுல மூணாம் புள்ளி வீக், முப்பத்தொண்ணுல ஒண்ணு எழவே இல்லைங்ணா" என்றார். செல்களைத் தனித்தனியாக மாற்ற முடியும் என்பதால் அதற்கு விலை குறைத்து வாங்கினோம். அடுத்து அவருடைய பழைய பேக்கிங் லிஸ்ட்டைத் திறந்தார். 13-இல் விரல் நின்றது. கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

லிஸ்ட்டை இப்போதும் இன்னொருவர் பார்க்கிறார். தீபாவளி வரைக்கும் பார்க்கலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறாராம்.

இந்த ஊரில் கருவிக்குப் பெரிய எதிரி பஞ்சுத் தூசி. ஊசித் துளையில் அடைத்துக்கொள்ளும். மூடி வைக்க நல்ல காட்டன் கட்டிங் வேஸ்ட்டாகப் பார்த்து ஒரு உறை தைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதுலிருந்துதாங்ணா பஞ்சு உதிருது."