சித்திரத் தொடரில் விடுதலைப் போர்

ஆண்டுகளின் பட்டியலாகக் கற்பிக்கப்படும் வரலாறு சிறுவர் மனத்தில் தங்குவதில்லை. ‘பாரத் ஹைன் ஹம்’ என்னும் கார்ட்டூன் தொடர் அதனைச் சாகசக் கதையாக்குகிறது. மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சகத்தின் முயற்சியால் உருவாகி, 2023 அக்டோபரில் தூர்தர்ஷனில் தொடங்கிய இத்தொடரில் 11 நிமிடப் பகுதிகள் 52 உள்ளன. குரங்கு, பூனை, கழுதை ஆகிய மூன்றும் கதை சொல்கின்றன. உள்ளால் அரசி அபக்கா, திலகா மாஞ்சி, குன்வர் சிங் முதலியோர் கதைத் தலைவர்கள்.

மூணாறை அடுத்த சித்திரபுரம் போன்ற தோட்டப் பகுதிகளில் தமிழ்க் குழந்தைகளும் மலையாளக் குழந்தைகளும் அருகருகே வாழ்கின்றனர். தொடர் இரு மொழிகளிலும் தயாரிக்கப்பட்டிருப்பதால், ஒரே கதையைப் பார்த்து இருசாராரும் விவாதிக்க இயலும். பாடநூல் தராத வாய்ப்பு இது.

எனினும் ஆசிரியருக்கு வேலை குறைந்துவிடவில்லை. கூடுகிறது என்றே சொல்லலாம். குண்டடிபட்ட தம் கையைக் குன்வர் சிங் தாமே வெட்டிக் கங்கைக்கு அளித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 1858 ஏப்ரலில் ஜகதீஷ்பூரை மீட்ட சில நாட்களில் மறைந்தார் என்பது பதிவான வரலாறு. திரையில் இரண்டும் ஒரே வண்ணத்தில் தோன்றக்கூடும். பிரித்துக் காட்ட வேண்டியவர் ஆசிரியரே.

அடுத்த பாடத்தை அருகிலிருந்தே எடுக்கலாம். திருச்சிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கத்திலும் 1801 ஜூனில் சின்ன மருது ஒட்டச்செய்த அறிக்கையையும், 1809 ஜனவரியில் வேலுத்தம்பி தளவாய் குண்டறையில் வெளியிட்ட பிரகடனத்தையும் சேர்த்துப் படித்து, மாணவரே காட்சிகளாக வரையட்டும்.