குளிர்நாட்டு இல்லங்களில் வெப்பமூட்டற் கோளாறுகள்

மார்கழிப் பனிக்கு ஒரு போர்வையே போதுமெனக் கருதும் நம்மனோர்க்கு, வீட்டைச் சூடாக்குவதற்கெனப் பொறியொன்று வேண்டுமென்பது வியப்பாகத் தோன்றலாம். எனினும், இங்கிலாந்தில் மாரிகாலத்து இரவொன்றில் அப்பொறி நின்றுவிடின் முதியோரும் குழந்தைகளும் படும் இடர் சிறிதன்று.

அந்நாட்டு இல்லங்களிற் பெரும்பாலானவற்றில், வாயுவால் எரியும் கொதிகலன் நீரைச் சூடாக்க, பம்பியொன்று அந்நீரை அறைதோறும் சுவரிற் பொருத்தப்பட்ட உருக்குப் பெட்டிகளுக்குச் செலுத்தும். றேடியேற்றர் எனப்படும் இவை வெப்பத்தை அறைக்கு ஈந்தபின், ஆறிய நீர் கொதிகலனுக்கு மீளும். அடைபட்ட அமைப்பாதலின் ஒரே நீரே ஆண்டுக்கணக்கிற் சுற்றிவருகின்றது. இதனை மனத்திற் கொண்டால் கோளாறுகளின் காரணம் எளிதில் விளங்கும்.

நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியனைப் போன்று றேடியேற்றரைத் தொட்டுப் பார்ப்பதே முதற் சோதனை. மேற்பகுதி மட்டும் குளிர்ந்திருப்பின் உள்ளே வாயு தங்கியுள்ளது. பொறியை நிறுத்தி, நீர் ஆறியபின், மேல்மூலைத் திருகைச் சாவியாற் சிறிது தளர்த்தினால் அது சீறிக்கொண்டு வெளியேறும். நீர் கசியத் தொடங்கியதும் திருகை இறுக்கிவிடல் வேண்டும். கீழ்ப்பகுதியின் நடுவிடம் குளிர்ந்திருப்பின் அடியிற் கருஞ்சேறு படிந்துள்ளது எனலாம். தொலைவிலுள்ள அறை மட்டும் சூடேறாதாயின், அண்மையிலுள்ளவை நீரின் பெரும்பங்கைத் தாமே கொள்கின்றன. அவற்றின் வால்வுகளைச் சற்று ஒடுக்குதல் தகும்.

வாயு வெளியேறியதும் அமைப்பின் அழுத்தம் குறையும். ஆறியிருக்கும் நிலையில் அது பெரும்பாலும் 1 முதல் 1.5 பார் வரை இருத்தல் வேண்டும். குறைந்தாற் குழாய்நீரைச் சிறிது உட்செலுத்துவர். பலர் தவறுவது இவ்விடத்தேதான். வாரந்தோறும் அழுத்தம் குறைய, வாரந்தோறும் நீரூட்டிவிட்டுக் கோளாறு தீர்ந்ததென அமைவர். புதுநீரோ கரைந்த ஒட்சிசனைக் கொணர்கின்றது. ஒட்சிசன் உருக்கை அரிக்க, அவ்வரிப்பே சேறாகின்றது. அரிப்பின்போது ஐதரசனும் தோன்றி மேலே தங்கலாம். அடிக்கடி வெளியேற்ற நேரும் 'காற்று' உண்மையில் எரியக்கூடிய ஐதரசனாக இருத்தல் கூடுமாதலின், அவ்வேளை அருகிற் சுடர் இருத்தலாகாது. இங்ஙனம் மருந்தே நோயை வளர்க்கின்றது. கசிவைக் கண்டு அடைத்து, அரிப்பைத் தடுக்கும் இரசாயனப் பொருளை நீரிற் சேர்ப்பதே முறை.

2005 ஆம் ஆண்டு தொடக்கம் அங்குப் புதிதாகப் பொருத்தப்பட்ட வாயுக் கொதிகலன்களிற் பெரும்பாலானவை, கழிவாயுவிலுள்ள நீராவியை ஒடுக்கி அதன் மறைவெப்பத்தையும் பெறுவன. ஒடுங்கிய நீரை வெளியேற்றும் குழாய் கடுங்குளிரில் உறைந்தாற் கொதிகலன் தானே நின்றுவிடும். குழாயின்மேல் இளஞ்சூட்டு நீர் ஊற்றுதல் போதுமானது. கொதிநீர் ஊற்றினாற் குழாய் வெடிக்கவுங் கூடும்.

இவையனைத்தும் வீட்டார் செய்யத்தக்கவை. கொதிகலனின் உறையைத் திறப்பதோ அவர்க்குரியதன்று. எரிதல் குறைவுற்றாற் பிறக்கும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனிலும் 200 மடங்குக்கு மேலான வன்மையோடு பற்றிக்கொள்வது. நீலச்சுடர் மஞ்சளாதல், உறையிற் கரி படிதல், வீட்டிலிருக்கையில் வந்த தலைவலி வெளியே சென்றதும் நீங்குதல் ஆகியன அதன் குறிகள். இத்தலைவலியை மாரிகாலத் தடிமனென்று எண்ணி, சன்னல்களை மேலும் இறுக அடைத்துக்கொள்வோரும் உளர். குறி தோன்றியவுடன் பொறியை நிறுத்திச் சன்னல்களைத் திறந்து, யாவரும் வெளியேறியபின், தகுதிபெற்ற வாயுத் தொழிலாளரை அழைத்தல் வேண்டும்.