ஒட்டுப் போட்ட அழகு



வீட்டில் ஒரு கல்யாணம் பேசி முடிந்துவிட்டால் பழையதை அகற்றும் படலம் ஆரம்பமாகிவிடுகிறது. மூத்தம்மாவின் பெட்டகம் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போகிறது. பித்தளைப் படிக்கமும் வெற்றிலை வட்டாவும் பழைய சாமான் வாங்க வருபவரின் சாக்குக்குள் போகின்றன. அவர் தராசில் நிறுத்து, பித்தளைக்குரிய விலையைத் தருகிறார். காலியான இடத்தில் புறக்கோட்டையில் வாங்கிய பிளாஸ்டிக் பூக்கள் அமர்கின்றன. கேட்டால், "இப்போதைய மொடல் இதுதானே" என்கிறோம்.

உண்மையில் மொடல் எது? நமது நாட்டின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் கொழும்பு வீட்டைப் பாருங்கள். 2003இல் காலமான இவர் தந்தை வழியில் முஸ்லிம் பரம்பரையைச் சேர்ந்தவர். பகதல வீதியை அண்டிய 33ஆம் ஒழுங்கையில், வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளில் ஒன்றை 1958இல் பெற்றார். பத்தாண்டுகளுக்குள் மற்றவற்றையும் பெற்று ஒரே வீடாக இணைத்தார். இடித்த வீடுகளிலிருந்து வந்த பழைய தூண்களையும் கதவுகளையும் அதில் பொருத்தினார். தூண்களில் சில தமிழ்நாட்டுச் செட்டிநாட்டிலிருந்து வந்தவை. பிறர் கழித்துவிட்டதைக் கொண்டு அமைந்த அந்த வீட்டைப் பார்க்க இன்று வெளிநாட்டார் கட்டணம் கொடுத்து வருகிறார்கள். அங்குள்ள உருவச் சிலைகளை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. பழைய மரத்துக்கு அவர் கொடுத்த மரியாதையைப் பின்பற்றலாம்.

இது புதுமையும் அல்ல. ஸ்பெயினின் குர்துபாப் பெரிய பள்ளிவாசலை எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியோர், பழைய ரோமர் காலக் கட்டடங்களின் தூண்களையே எடுத்துப் பயன்படுத்தினார்கள். அவ்வளவு பெரிய கூரைக்கு அந்தத் தூண்களின் உயரம் போதவில்லை. வளைவின் மேல் இன்னொரு வளைவை எழுப்பினார்கள். உலகமே வியக்கும் அந்த இரட்டை வளைவு, கையில் இருந்ததை வைத்துச் சமாளித்ததில் பிறந்த அழகு!

துண்டுகளைச் சேர்த்து ஒட்டிப் படமாக்குவதைக் கொலாஜ் என்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் ஒட்டுதல் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. பிக்காசோவும் பிராக்கும் 1912இல் இதனைப் பிரபலமாக்கியதாகக் கலை நூல்கள் கூறும். ஆனால் அறபு படித்தவர்களுக்கு வேறொரு சொல் நினைவுக்கு வரும். 'ரகஅ' என்றால் கிழிந்ததற்கு ஒட்டுப் போட்டான் என்று பொருள். அதிலிருந்து பிறந்த 'முரக்கஃ' என்ற சொல், ஸூபிகள் அணிந்த ஒட்டுப் போட்ட ஆடைக்கும் பெயர், பல கைகளின் எழுத்தணிகளையும் சித்திரங்களையும் வெட்டி, ஓரங்கட்டி, ஒட்டித் தொகுத்த ஏட்டுக்கும் பெயர். ஹிஜ்ரி 951இல் (1544-45) பாரசீக இளவரசர் பஹ்ராம் மிர்ஸாவுக்காகத் தொகுக்கப்பட்ட அத்தகைய ஏடு இஸ்தான்பூல் தொப்காபி மாளிகையில் இருக்கிறது. ஏழையின் ஒட்டுச் சட்டைக்கும் இளவரசரின் ஏட்டுக்கும் ஒரே சொல்!

அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் உருவங்கள் உள்ள திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதனை வெறுத்ததும், பின்னர் அந்தச் சீலை வெட்டப்பட்டுத் தலையணைகளாகியதும் ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. உருவங்கள் பற்றிய சட்டம் தனிக் கட்டுரைக்குரியது. சீலை குப்பைக்குப் போகவில்லை என்பதை மட்டும் இங்கே கவனியுங்கள்.

சகோதரிகளே, பெட்டகத்தைத் துடைத்து முன் மண்டபத்தில் வைத்தால் அமரவும் இடமாகும், பாய் தலையணை வைக்கவும் இடமாகும். வெற்றிலை போடுவோர் இல்லாத வீட்டில் வட்டாவில் விருந்தாளிக்குப் பேரீச்சம்பழம் வையுங்கள். உம்மாவின் கல்யாணச் சாரிக் கரைகளை ஒரு துணியில் ஒட்டித் தைத்துச் சட்டமிட்டால், கடையில் வாங்கும் எந்தப் படமும் அதற்கு ஈடாகாது. பிள்ளைகள் பழைய கல்யாணக் கடிதங்களை வெட்டி ஒட்டட்டும். ஆனால் அல்லாஹ்வின் திருநாமமும் பிஸ்மியும் உள்ள பகுதியைக் கத்தரிக்குத் தப்பவைத்து எடுத்துவிடுங்கள்.

பழைய பொருள் சேர்ப்பதும் ஓர் ஆசையாக வளர்ந்து வீண்விரயத்தில் முடியலாம். காலி நகரில் ஓர் ஒல்லாந்தர் காலத்துக் கதிரைக்காகக் கடன்பட்டவர்களும் இருக்கிறார்கள். இருப்பதைக் காப்பது வேறு, இல்லாததைத் தேடிப் பெருமைக்குக் குவிப்பது வேறு. கலாசாரப் பெறுமதியுள்ள பொருள்களை அனுமதிப்பத்திரமின்றி வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது என்பதையும், தரகர் வாசலுக்கு வரும்போது நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் கவலை தருவது அறபுத் தமிழ்க் கிதாபுகள்தான். படிக்கத் தெரிந்த மூத்தம்மா மௌத்தானதும் அவை கறையானுக்கோ கடலுக்கோ போய்விடுகின்றன. அவற்றுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். அது மஞ்சளாகிக் கடதாசியைக் கெடுத்துவிடும். சித்திரத்துக்கு எழுத்து வேண்டுமானால் போட்டோப் பிரதி எடுத்து அதை வெட்டுங்கள். மூலத்தைப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாமல் அந்தப் பெட்டகத்துக்குள்ளேயே வையுங்கள். யாருடைய கிதாப், எந்த ஊரில் யாரிடம் ஓதியது என்று வாப்பாவிடமோ மாமியிடமோ இன்றே கேட்டு, ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள்.